காற்றில்லாதபோதே கட்டிக்கொள்

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நெற்களத்தில் பிறந்த பழமொழி. அதைச் சொன்ன பெரியவர் கடல் பக்கம் போனவர் அல்ல என்று தோன்றுகிறது. போயிருந்தால், கூடவே இன்னொன்றும் சொல்லி வைத்திருப்பார்: காற்றில்லாதபோதே கட்டிக்கொள். பாய் விரித்து ஓடும் படகில் பிராணனைக் காப்பாற்றிக்கொள்ளும் வித்தை பெரும்பாலும் இந்த வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. பாயை, பாத்திரத்தை, கதவை, முக்கியமாகத் தன்னையே, காற்று வருவதற்கு முன்னால் கட்டிவிட வேண்டும். காற்று வந்த பிறகு கட்டுவதற்குக் கையும் ஒழியாது, புத்தியும் ஒழியாது.

உல்லாசத்துக்காகப் பாய்மரப் படகில் யாத்திரை போவது என்றால், நம்முடைய குடும்பங்களில் உடனே இரண்டு கேள்விகள் எழும். ரயிலும் விமானமும் இருக்கும்போது இது எதற்கு என்பது முதல் கேள்வி. இதற்கு நம்மிடம் பதில் இல்லை. மலைமேல் பஸ் போகும்போது திருப்பதிக்கு நடந்து ஏறுகிறவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம். அபாயம் இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. அது நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கடல் நமக்கு அந்நியமானது அல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். 1938-ம் வருஷம் அது அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, மாஸசூஸெட்ஸ் மாகாணத்திலுள்ள கிளாஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதை ஓட்டிச் சென்றவர்களில் வல்வெட்டித்துறை மாலுமிகளும் இருந்தார்கள். அப்பேர்ப்பட்டவர்களின் இனத்தார் நாம் என்று மார்தட்டிக்கொள்வதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் மார்தட்டுவதற்குக் கை ஒழிய வேண்டும். படகிலோ ஒரு கை வேலையில் இருந்தால் மற்றொரு கை எதையாவது பற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இது கடல் சாஸ்திரத்தின் முதல் பாடம்.

இந்தச் சாஸ்திரத்தில் நமக்குத் திடீரென்று சிரத்தை உண்டானதற்குக் காரணம் நம் தங்கையின் பெண். வயது இருபத்திரண்டு. 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், சிநேகிதி ஒருத்தியுடன் மும்பையிலிருந்து கோவாவுக்குப் பாய்ப்படகில் போகப் போவதாக அவள் அறிவித்தாள். தங்கை சாப்பாட்டை நிறுத்தினாள். மைத்துனர் பேச்சை நிறுத்தினார். இரண்டு கட்சிக்கும் நடுவில் மாமாவாகிய நாம் அகப்பட்டுக்கொண்டோம்.

"நீங்களும் வாருங்கள், மாமா. எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். பார்த்துவிட்டு, இனிமேல் என்னைப் போகக் கூடாது என்று சொன்னால் நான் கேட்கிறேன்" என்றாள் பெண்.

இப்படியாக, ஒரே அங்கத்தினரைக் கொண்ட விசாரணைக் கமிஷனாக நாம் நியமனம் பெற்றோம்.

படகின் நீளம் 40 அடி. அதன் தலைவர் வியாபாரக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தூத்துக்குடிக்காரர். அவருடைய பாட்டனார் தோணித் தண்டலாக இருந்து, கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் பாய் விரித்து ஓடியவராம். தலைவர், அவருடைய உதவியாளர், இரண்டு பெண்கள், நாம் - ஆக ஐந்து பேர்.

ஏறியவுடனே பாய் விரித்துப் புறப்பட்டுவிடுவோம் என்று எண்ணினோம். தலைவரோ இரண்டு மணி நேரம் எங்களைத் துறையிலேயே உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். மிதவைச் சட்டை எங்கே, தீயணைக்கும் கருவி எங்கே, அடித்தட்டில் தண்ணீர் புகுந்தால் எந்தக் குழாயை மூடுவது, குழாயே உடைந்துபோனால் அந்தத் துவாரத்தில் அடிப்பதற்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கும் மரக்கட்டை எது, ரேடியோவில் 16-வது அலைவரிசையில் உதவி கேட்பது எப்படி - எல்லாவற்றையும் காட்டினார். காட்டியதோடு விடவில்லை, ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொன்னார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, ராத்திரி இரண்டு மணிக்கு நான் கடலில் விழுந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

யாரும் பேசவில்லை. அபாயத்தைப்பற்றி யோசித்தபோதெல்லாம், நம்மைத் தலைவர் காப்பாற்றுவார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். தலைவரை யார் காப்பாற்றுவது என்று யோசிக்கவேயில்லை. உலகத்தில் புருஷனும் மனைவியுமாகப் பாய்ப்படகில் திரிகிற தம்பதிகள் அநேகர். அவர்களில் ஒருவருக்கு எல்லாம் தெரிந்து, மற்றவருக்குச் சமையல் மாத்திரம் தெரிந்திருந்தால், அந்தப் படகில் தெரிந்தவர் விழுந்த அந்த நிமிஷத்தில் இரண்டு பேரும் அநாதைகள்.

ஆகவே மும்பைத் துறைமுகத்துக்கு வெளியே போனதும் பரீட்சை ஆரம்பமாயிற்று. தலைவர் உரிக்காத தேங்காய் ஒன்றை எடுத்துக் கடலில் எறிந்துவிட்டு, "நான் விழுந்துவிட்டேன்!" என்று கூவினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவர் தேங்காயை விரலால் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும். என்ன நேர்ந்தாலும் கண்ணை அதைவிட்டு எடுக்கக் கூடாது. ஒருவர் மிதவையை வீச வேண்டும். ஒருவர் படகு இருக்கும் இடத்தைக் கருவியில் பொத்தானை அழுத்திப் பதிய வைக்க வேண்டும். சுக்கான் பிடித்தவர் படகைத் திருப்பி, காற்றை எதிர்கொண்டு, தேங்காயின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சுட்டிக்காட்டும் உத்தியோகம் நமக்குக் கிடைத்தது. மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் ஓடும் படகு ஒரு நிமிஷத்தில் சுமார் 185 மீட்டர் போய்விடுகிறது. அந்தத் தூரத்தில், அரையாள் உயர அலைகளுக்கு நடுவில், தேங்காய் தெரிகிற நேரத்தைவிடத் தெரியாத நேரமே அதிகம். மனுஷனுடைய தலையும் தேங்காய் அளவுதான் என்பதைத் தலைவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பெண்கள் இருவரும் மூன்றாவது தடவையில் தேங்காயைப் பிடித்தார்கள்.

தேங்காயைக் கூடையால் அள்ளிவிடலாம். உடுப்பெல்லாம் நனைந்து, களைத்து, கைகால் சோர்ந்த ஆளை, ஆடுகிற படகுக்குள் ஓர் ஆள் மார்பளவு உயரம் தூக்குவது எப்படி? ஏணி வேண்டும், அல்லது பாயை ஏற்றும் கயிற்றை அவர் இடுப்பில் மாட்டி, சுழலியால் சுற்றி மேலே இழுக்க வேண்டும். இவ்வளவையும் பார்த்த பிறகு நமக்கு ஒன்று தெளிவாயிற்று. கடலில் விழுந்தவரை எடுப்பதற்கு நூறு உபாயங்கள் இருக்கலாம். விழாமலிருப்பதற்குச் சமானமானது அவற்றில் ஒன்றுகூட இல்லை.

அதற்காகவே மார்பு வார் என்று ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு குட்டைக் கயிறு தொங்கும். அதன் நுனியில் கொக்கி. மேல்தட்டில் அணியத்திலிருந்து பின்பக்கம் வரையில் பட்டையான வார் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கொக்கியை அதில் மாட்டிக்கொண்டு அதன் நெடுகிலும் நடக்க வேண்டும். கயிறு குட்டையாக இருப்பதே நல்லது. நீளமாக இருந்தால் ஆள் தண்ணீரில் விழுந்து படகோடு இழுபடுவார். பொழுது சாய்ந்த பிறகும், தனியாக மேல்தட்டில் இருக்கும்போதும், பாயைச் சுருக்கும்போதும் எல்லோரும் கொக்கியை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் படகின் சட்டம். அறைக்குள்ளிருந்து படியேறி வரும்போது, காலை மேல்தட்டில் வைப்பதற்கு முன்பே மாட்டிக்கொள்ள வேண்டும்.

"பழக்கப்பட்டவர்களுக்கும் இது வேண்டுமா?" என்று கேட்டோம்.

"பழக்கப்பட்டவர்களுக்குத்தான் முக்கியமாக வேண்டும், அண்ணாச்சி" என்று சொல்லி, எரிக் தபார்லியின் கதையைச் சொன்னார். பிரான்ஸ் தேசத்தில் தபார்லி என்ற பெயரைக் கேட்டால் குழந்தைகளும் எழுந்து நிற்கும். 1964-லும் 1976-லும் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தன்னந்தனியாகக் கடக்கும் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் அவர். 1998-ம் வருஷம் ஜூன் மாதத்து இரவு ஒன்றில், 'பென் துய்க்' என்னும் தம் பழைய படகில் ஸ்காட்லாந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவர் இளம்பிராயம் முதல் அறிந்த படகு அது. கட்டி 100 வருஷம் ஆகியிருந்தது. பாயைச் சுருக்கும்போது, பாயின் மேல் விளிம்பைத் தாங்கும் பருமல் அவர்மேல் மோதிக் கடலில் தள்ளிற்று. கூட இருந்தவர்களால் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பல நாட்களுக்குப் பிறகு மீன்பிடிப் படகு ஒன்றின் வலையில் அவர் உடல் அகப்பட்டது. அன்றிரவு அவர் உடலில் மார்பு வாரும் இல்லை. மிதவைச் சட்டையும் இல்லை. வயது 66. கடலுக்கு மனுஷருடைய கீர்த்தி தெரியாது.

அடுத்தது பாயைச் சுருக்கும் விஷயம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், பாயின்மேல் அதன் பலம் நான்கு மடங்காகிறது. ஆகையால் காற்று கொஞ்சம் ஏறியதாகத் தோன்றும்போது பாரம் நிரம்ப ஏறியிருக்கும். பாயைச் சுருக்க வேண்டுமோ என்று மனத்தில் முதல் தடவை தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும். இரண்டாவது தடவை தோன்றும்போது அது கஷ்டம். மூன்றாவது தடவை தோன்றும்போது அது சாகசம். படகில் சாகசம் நேர்ந்தால், யாரோ ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு முன் சோம்பலாக இருந்தார் என்று அர்த்தம். அதிலும் பின்காற்றில் ஓடும்போது படகும் காற்றோடு கூடவே ஓடுவதால், காற்றின் உண்மையான பலம் முகத்தில் தெரியாது. அந்தச் சமயத்தில் சுக்கான் சற்றுப் பிசகினால், பாயின் அடியில் கிடையாக இருக்கும் கனத்த மரம், புயலில் கதவு அறைவதுபோல ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வீசும். நடுவில் தலை இருந்தால் தலை போகும். அந்த மரத்தை முன்பக்கம் இழுத்து ஒரு கயிற்றால் கட்டிவிட்டால் இந்த ஆபத்து நீங்கும். ஒரு கயிறு, ஒரு முடிச்சு. அமைதியான சமயத்தில் இரண்டு நிமிஷ வேலை.

புயலே வந்துவிட்டால்? இதற்கு 1979-ம் வருஷத்து பாஸ்ட்நெட் பந்தயம் பெரிய பாடசாலை. இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து அயர்லாந்துக்கு அப்பாலுள்ள பாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பும் பந்தயம் அது. 303 படகுகள் புறப்பட்டன. ஆகஸ்டு 13-ந் தேதி இரவு புயல் தாக்கிற்று. பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் 15 பேர் மாண்டார்கள். 24 படகுகளை அவற்றில் இருந்தவர்கள் கைவிட்டார்கள். ஆனால் அந்த 24 படகுகளில் மூழ்கிப்போனவை 5 தான். மற்றவை மனுஷர் இல்லாமலே மிதந்துகொண்டிருந்தன. படகு முழுகிவிடும் என்று பயந்து ரப்பர் தெப்பத்தில் இறங்கியவர்களில் சிலர், தெப்பம் கவிழ்ந்தும் கிழிந்தும் மாண்டுபோக, அவர்கள் விட்டுவந்த படகு பத்திரமாக இருந்தது. இதைவிடக் கொடுமையான பாடம் வேறு உண்டா? தெப்பம் அவசியம் வேண்டும். ஆனால் படகு காலின்கீழ் இருக்கும்வரை தெப்பத்தை நாடக் கூடாது. பயந்த மனத்துக்கு, இருக்கிற இடம் நரகமாகவும் போகிற இடம் சுவர்க்கமாகவும் தோன்றும். அந்த நேரத்தில் யோசித்து முடிவு செய்ய முடியாது. முன்னாலேயே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

ஸ்திரீகளும் புருஷர்களும் ஒருங்கே கவனிக்க வேண்டிய இடம் படகின் சமையலறை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியே விரட்டலாம். படகின் அடிப்பாகமோ மூடிய பாத்திரம். கசிந்த வாயு அங்கே இறங்கித் தேங்கும். யாரோ ஒரு விசையைப் போடும்போது எழும் சிறு பொறி போதும். படகு வெடித்துச் சிதறும். ஆகவே வாயு உருளையை மேலே தனி அறையில் வைத்து, அந்த அறையின் அடியிலிருந்து கடலுக்கு ஒரு துவாரம் விட்டிருக்கிறார்கள். சமையல் முடிந்ததும் அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது. உருளையின் வாயையே மூட வேண்டும். அடுப்பு தொட்டில்போல ஆடும்படி அமைந்திருக்கிறது. படகு சாய்ந்தாலும் சாம்பார் சாய்வதில்லை. ஆயினும் சமைப்பவர்மேல் கொதிநீர் கொட்டாதபடி, கனத்த மேலங்கியும் முழுக்கால் உடுப்பும் அணிய வேண்டும் என்பது விதி. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. காபிப் பிரியரான நமக்கு இந்த இரண்டாவது விதி பெருந்தண்டனையாக இருந்தது. ஆனாலும் நியாயமான தண்டனை.

இரண்டாவது நாள் இரவு, ரத்தினகிரிக்குத் தெற்கே, காற்று அடியோடு நின்றுபோயிற்று. இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போனோம். தலைவரும் நம் பெண்ணும் காவல் முறையில் இருந்தார்கள். நாமும் தூக்கம் வராமல் மேலே உட்கார்ந்திருந்தோம். திடீரென்று இயந்திரம் ஒரு முனகல் முனகி நின்றது. விளக்கில்லாமல் மிதந்த மீன்வலை ஒன்று அடியிலுள்ள சுழல்விசிறியில் சுற்றிக்கொண்டுவிட்டது. கொங்கணக் கரையில் இது அபூர்வமான விஷயம் அல்ல.

தலைவர் முதலில் செய்த காரியம், இயந்திரத்தின் சாவியை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான். நம் பெண் நன்றாக நீந்துவாள்.

"நான் இறங்கி அறுத்துவிட்டு வரட்டுமா?" என்று கத்தியுடன் எழுந்தாள்.

"வேண்டாம், அம்மா. இருட்டில் அலையோடு எழும்பித் தாழும் படகின் அடி, உலக்கை மாதிரி. தலையில் ஒரு இடி இடித்தால் போதும். வலையில் உன் காலும் மாட்டும்" என்றார் தலைவர்.

"அப்படியானால் என்ன செய்வது?"

"ஒன்றும் செய்ய வேண்டாம். பின்னிரவில் கரைக்காற்று வரும். பாய் இருக்கிறது, வெளிக்கடலுக்குப் போய்விடலாம்."

கரையை நோக்கிப் போகாமல் கடலை நோக்கிப் போவதா என்று நமக்கு ஆச்சரியமாக இருந்தது. கரைதான் க்ஷேமம் என்று நிலத்தில் வளர்ந்தவர்கள் நினைக்கிறோம். மாலுமிக்கோ கடலில் இடம் இருக்கிறவரையில் அவகாசம் இருக்கிறது. அவன் பயப்படுவது பாறையையும் மணல் திட்டையும்தான். சொன்னபடியே கீழ்த்திசையிலிருந்து மெல்லிய காற்று வந்தது. பாய் விரித்துக் கரையைவிட்டு விலகினோம். விடியும்வரை அந்தப் பெண் மார்பு வாரை மாட்டிக்கொண்டு சுக்கானைப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் ஏமாற்றமும் இருந்தது. சற்று நேரத்தில் அது போய், வேறு ஒரு நிதானம் வந்ததையும் பார்த்தோம்.

மறுநாள் காற்று வந்ததும் விஜயதுர்க்கத்துக் கழிமுகத்தில் நுழைந்து நங்கூரம் போட்டோம். கோட்டைச் சுவருக்கு இப்பால் தண்ணீர் குளம்போல இருந்தது. உதவியாளர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பல் வைத்த கத்தியுடன் இறங்கினார். கயிற்றின் மறு நுனி நம் பெண்ணின் கையில் இருந்தது. சாவி இன்னும் பையில் இருப்பதைத் தலைவர் எடுத்துக் காட்டிய பிறகே அவர் தண்ணீருக்குள் முழுகினார். அரை மணியில் ஒரு கை நிறைய நைலான் வலை மேலே வந்தது. அரை நாள் தாமதம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இதில் கதை என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். கதையாகாமல் போனதுதான் விசேஷம். இரவிலேயே அவள் இறங்கியிருந்தால், ஒருவேளை பெரிய கதையாகியிருக்கும். அதை எழுதும் தைரியம் நமக்கு இருந்திராது.

அரை நாள் தாமதத்தை நாங்கள் பொருட்படுத்தாததற்கு ஒரு காரணம் உண்டு. நம் பெண்ணின் சிநேகிதிக்குக் கோவாவிலிருந்து விமானம். படகு போய்ச் சேரும் நாளுக்கு மூன்று நாள் கழித்தே டிக்கெட் வாங்க வேண்டும் என்று தலைவர் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உல்லாசப் படகில் இருக்கும் சாமான்களில் மிகவும் அபாயமானது தேதி குறித்த டிக்கெட் என்பது அவருடைய சித்தாந்தம். தேதிக்காக ஓடுகிறவன்தான் வானம் கறுத்திருக்கும்போது நங்கூரத்தைத் தூக்குகிறான். மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை; வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். பஞ்சாங்கம் பார்த்துப் புறப்படுவது இங்கே மூடநம்பிக்கை அல்ல. 2017-ம் வருஷம் ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் எத்தனையோ பேர் ஆழ்கடலில் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. எச்சரிக்கை வருவதற்கு முன்பே அவர்களில் பலர் வெகுதூரம் போயிருந்தார்கள். வயிற்றுக்காகப் போகிறவர்களுக்குக் காத்திருக்கும் சௌகரியம் எப்போதும் கிடைப்பதில்லை. உல்லாசத்துக்காகப் போகிறவனுக்கு அந்தச் சௌகரியம் இருக்கிறது. அதை அவன் உபயோகிக்காமலிருந்தால், அது தைரியம் அல்ல. கடலில் பிழைப்பவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

எல்லா ஜாக்கிரதைக்குப் பிறகும் விபத்து நேருவதுண்டு. 1972-ம் வருஷம் ஜூன் மாதம், ராபர்ட்ஸன் என்னும் ஆங்கிலக் குடும்பத்தினர் 'லூசெட்' என்ற படகில் காலபகஸ் தீவுகளுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தார்கள். திமிங்கிலங்கள் மோதிப் படகு சில நிமிஷங்களில் மூழ்கிற்று. தாய், தந்தை, மூன்று பிள்ளைகள், உடன் வந்த வாலிபர் ஒருவர் - ஆறு பேர். ரப்பர் தெப்பம் 17 நாளில் உபயோகமற்றுப் போயிற்று. பிறகு சுமார் 10 அடி நீளமுள்ள சிறு ஓடம்தான் கதி. மழைத் தண்ணீரைப் பிடித்தும், ஆமைகளைப் பிடித்துத் தின்றும் உயிர் வைத்திருந்தார்கள். 38-வது நாள் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்று தற்செயலாகக் கண்டு அவர்களை எடுத்தது. அவர்கள் அங்கே தவிப்பது அதுவரையில் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது நடந்ததைப் பாருங்கள். 2018-ம் வருஷம் செப்டம்பர் மாதம், நம் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமி தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றும் பந்தயத்தில், கோவாவில் கட்டிய 'துரியா' என்னும் படகில், தென் இந்தியப் பெருங்கடலில் போய்க்கொண்டிருந்தார். புயலில் படகு உருண்டது, பாய்மரம் முறிந்தது, அவர் முதுகெலும்பு நொறுங்கிப் படுத்த படுக்கையானார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் அங்கிருந்து சுமார் 1,900 கடல் மைல். ஆனால் அவரிடம் அபாய அறிவிப்புக் கருவி இருந்தது. செய்தி அனுப்பும் கருவியும் இருந்தது. மொரீஷியஸிலிருந்து பறந்த நம் கடற்படை விமானம் படகைக் கண்டது. பந்தயத்தில் அவருக்குப் போட்டியாளரான அயர்லாந்துக்காரர் ஒருவர், தம் படகின் பாய்மரமும் முறிந்திருந்த நிலையில், சிறு பாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு அவரை நோக்கி வந்தார். 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் மூன்றாவது நாள் டோமியை எடுத்துக்கொண்டது. 38 நாள் எங்கே, மூன்று நாள் எங்கே? அவர் அதோடு நிற்கவுமில்லை. முதுகில் உலோகத் தண்டுடன் மறுபடியும் அதே பந்தயத்துக்குப் போய், 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார்.

அந்தக் கருவி கை அகலமே உள்ளது. தண்ணீரில் மிதந்தபடி ஆகாயத்திலுள்ள துணைக்கோள்களுக்குச் சமிக்ஞை அனுப்பும். 1982-ம் வருஷம் இந்த ஏற்பாடு முதன் முதலாக உயிர்களைக் காப்பாற்றிற்று. நம் பிரதேசத்துச் சமிக்ஞைகளைப் பெங்களூரிலுள்ள இஸ்ரோ நிலையம் பெற்றுக் கடலோரக் காவல் படைக்குத் தெரிவிக்கிறது. கரையிலிருந்து அந்தப் படைக்குச் சொல்வதற்கு 1554 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. ஆனால் கருவியை முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். மின்கலத்தின் ஆயுள் தீர்ந்திருக்கக் கூடாது. கரையில் ஒருவரிடம் இன்ன வழியாக இன்ன நாளில் சேருவோம் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இதுவும் காற்றில்லாதபோது கட்ட வேண்டிய கட்டுத்தான்.

2024 அக்டோபரில் நம் கடற்படையைச் சேர்ந்த தில்னா, ரூபா என்னும் இரண்டு பெண்மணிகள் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்ப்படகில் புறப்பட்டார்கள். இருவரே உலகத்தைச் சுற்றி, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே மாதக் கடைசியில் திரும்பி வந்தார்கள். ரூபா புதுச்சேரிக்காரர். பத்திரிகைகளில் அவர்கள் சிரித்த முகத்துடன் இறங்கி வரும் படத்தைப் பார்த்து நாம் எல்லோரும் பூரித்தோம். அந்தப் படத்துக்குப் பின்னால் எத்தனை நாள் பயிற்சி, எத்தனை ஆயிரம் தடவை மாட்டிக் கழற்றிய கொக்கி இருக்கும் என்று யோசித்தால் பூரிப்பு இன்னும் கொஞ்சம் அதிகமாகும்.

நம்முடைய கமிஷன் தங்கையிடம் சமர்ப்பித்த அறிக்கை மிகவும் சுருக்கமானது. அபாயம் உண்டா என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை, உண்டு. கேட்க வேண்டியவை வேறு மூன்று கேள்விகள். படகின் தலைவர் கடலில் விழுந்தால் மற்றவர்கள் படகைத் திருப்பி அவரை எடுக்கப் பழகியிருக்கிறார்களா? சேரும் தேதியைத் தள்ளிப்போட எல்லோருக்கும் சம்மதம் உண்டா? கரையில் யார், எந்த நாள்வரை பார்த்திருந்து, யாரைக் கூப்பிட வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்ற பதில் வந்தாலும், அழைப்பவர் எவ்வளவு பெரிய வீரராயிருந்தாலும் குழந்தைகளை அனுப்ப வேண்டாம். மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால், பெற்றோர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசீர்வாதம் செய்து அனுப்பலாம். கூடவே ஒரு ஜாடி ஊறுகாயும் கொடுக்கலாம். அந்த ஜாடியைக் காற்று வருவதற்கு முன் கட்டி வைக்கும்படி மட்டும் சொல்ல வேண்டும்.